அரைப்பேர் போட்ட சட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்திரப்படுத்த வேண்டிய காகிதம் இரண்டு வகை. ஒன்று முத்திரை குத்தியது, மற்றது கத்தரி பட்டது.

முத்திரை குத்தியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன கதை. 1964 ஒக்டோபரில் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களைப் பங்கு பிரித்த கதை. 2003இல் சட்டம் வந்து கடைசியில் எல்லாரையும் ஊர்க்காரராக்கிய கதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு நகல், ஒரு பற்றுச்சீட்டு. எல்லாவற்றையும் தாத்தா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதில் ஒன்றைக் காட்டி அவர் ஒரு காரியம் சாதித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

கத்தரி பட்டது பெரியம்மாவிடம் இருந்தது. அது எந்தக் கந்தோரிலும் செல்லாது. ஆனால் மூன்று லயத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது அதன் தயவில்தான். வெள்ளைக் கவுனுக்கான கடதாசி வெட்டு: முன்பக்கம், பின்பக்கம், கை, கொலர், இடுப்புப் பட்டி. நாங்கள் பேட்டன் என்போம்.

அந்தப் பேட்டன் சீமையில் பிறந்தது. டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அப்போதிருந்த தொரைசானி தன் மகளுக்குத் தைக்க லண்டனிலிருந்து தபாலில் வரவழைத்திருக்கிறார். தொரைசானி பங்களாவைக் காலி செய்தபோது பொட்டலம் பங்களாச் சமையல்கார அப்புவின் கைக்கு வந்தது. அப்புவின் வீட்டிலிருந்து பெரிய கிளாக்கர் வீட்டுக்கு, அங்கிருந்து ஒரு பகல் மட்டும் இரவலாகப் பெரியம்மாவுக்கு. ஒரு பகல் போதுமா என்று கேட்டேன். "பகல் எதுக்கு? பெரட்டுக்குப் போறதுக்கு முந்தியே எடுத்துட்டேன்" என்றார்.

இப்படி அளவு அளவாக மெல்லிய தாளில் வெட்டு போட்டு விற்கலாம் என்று கண்டுபிடித்தவர் எபினேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர். மாசசூசெட்ஸில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில், 1863இல். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், தபாலுக்குப் பாரமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மலைகளில் தேயிலையே கிடையாது, கோப்பிதான். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை போட்டதே 1867இல். சிங்கர் தையல் மெசின் கம்பெனி கொழும்புக்கு வந்தது 1877இல். வெட்டு, மெசின், தேயிலை மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்கு. எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்த வரிசைதான் வேறு. தேயிலை முதலில் வந்தது, மெசின் எத்தனையோ தீபாவளி முற்பணம் கழித்து வந்தது, வெட்டு தொரைசானி கப்பலேறிய பிறகு வந்தது.

படி எடுப்பதைப் பெரியம்மா ஒரு பூசை மாதிரி செய்வார். பலகை பெஞ்சில் வீரகேசரிப் பேப்பரை விரிப்பார். அதன்மேல் வெட்டு. அது நகராமலிருக்க ஒரு பக்கம் ஸ்திரிக்கைப் பெட்டி, மறு பக்கம் அம்மிக் குழவி. வளைவுகளில் பென்சில் பிடிக்க மாட்டார். குண்டூசியால் குத்திக் குத்திப் போவார். கீழே உள்ள தாளில் புள்ளிகள் விழும், பிறகு புள்ளிகளைச் சேர்ப்பார். அக்குள் வளைவு மட்டும் இரண்டு தரம். "கழுத்து பெசகினா கொலர வச்சு மறைக்கலாம். அக்குள் பெசகினா பிள்ள கையத் தூக்க ஏலாது. டீச்சர் கேள்வி கேட்டா கையத் தூக்கணுமில்ல?" நாங்கள் கை தூக்காததற்கு வேறு காரணங்கள் இருந்தன. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வீரகேசரியில் ஒரு வில்லங்கம். அச்சு மை வெள்ளைத் துணியில் ஒட்டும். ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளை முதுகில் ஒரு தலைப்புச் செய்தியின் பாதியோடு பள்ளிக்கூடம் போனாள். தவிர, பேப்பர்த் தாள் இரண்டு வருசத்தில் மஞ்சளாகி, மடித்த இடத்தில் அப்பளமாய் நொறுங்கும். மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்கு அமிலம் உள்ளேயே இருந்து தன்னைத்தானே தின்னும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. பெரியம்மாவுக்கு விசயம் மட்டும் தெரியும், காரணம் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவை நல்ல தாள்.

நல்ல தாளைக் கொடுத்தது காணிச் சீர்திருத்தம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. எங்கள் தோட்டத்துக் கந்தோரைப் புதிதாக வந்தவர்கள் ஒழுங்குபடுத்தியபோது பழைய செக்ரோல், அதாவது வேலைப் பதிவுப் புத்தகங்கள், பின்கட்டில் குவிந்தன. கெட்டித் தாள், அகலத் தாள், மை காய்ந்து வருசக்கணக்காகிவிட்டதால் துணியில் ஒட்டாத தாள். எரிப்பதற்கு முன் பெரியம்மா ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வெட்டுகளெல்லாம் செக்ரோலில்தான். ஒரு நாள் முழுசாக வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர். பாதி நாளென்றாலோ கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப்பேர். என் கவுனின் பின்பக்க வெட்டில் யாரோ ஒரு அம்மாவின் முழு மாதமும் இருந்தது: பேர், பேர், அரைப்பேர், இரண்டு நாள் வெறும் கட்டம், மறுபடி அரைப்பேர். கை வளைவு வெட்டியதில் அவருடைய கடைசி வாரம் போய்விட்டது. எந்த முன்பக்க வெட்டும் பாதி உடம்புக்குத்தான் இருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் வெட்டை வைத்து அறுத்தால் முழு உடம்பு. ஒரு நாள் இதைச் செய்துகொண்டே பெரியம்மா சொன்னார்: "தொர அரைப்பேர் போட்டா என்னா, மடிச்சு வச்சு வெட்டுனா முழுப்பேர்தான்டி."

ஒரு இரகசியம் எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. வெட்டுக்கு வெளியோரமாகக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டினால் ஒவ்வொரு படியும் நூலளவு பெருக்கும். படிக்குப் படி எடுக்க எடுக்க ஓரத்துக்குக் கால் அங்குலம் ஏறிவிடும். முன்பக்கம் இரண்டு ஓரம், பின்பக்கம் இரண்டு ஓரம். ஆக, சுற்றளவில் ஓர் அங்குலம். போதாததற்குச் சீமை வெட்டில் தையலுக்கான துணி ஏற்கெனவே சேர்த்திருந்தது. இங்கிலீசு படிக்காத பெரியம்மா அதற்குமேல் அரை அங்குலம் விட்டார், "வளர்ற பிள்ள" என்று இன்னும் அரை அங்குலம் விட்டார். பட்டரிக் மண்டையை உடைத்துக்கொண்டு அளவு அளவாகப் போட்ட வெட்டு, எங்கள் லயத்தில் தானாகவே வளர்ந்தது. பள்ளிக்கூடப் படமொன்று இருக்கிறது: முன்வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் கவுன் தோளிலிருந்து இறங்கிக் கிடக்கிறது. துணியே கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் எங்களுக்குத் துணிப் பஞ்சம் இருந்ததென்று நம்பிக்கை வராது.

வெட்டுகளைக் கெடாமல் வைப்பதுதான் பெரிய பாடு. நுவரெலியா 1868 மீற்றர்; எங்கள் பக்கம் கொஞ்சம் இறக்கம்தான், ஆனாலும் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செருப்பில்கூடப் பூஞ்சணம் பூக்கும். பெரியம்மா ஸ்டோரிலிருந்து கழித்துவிட்ட ஒரு தேயிலைப் பெட்டியைச் சம்பாதித்து வைத்திருந்தார். பலகைப் பெட்டி, விளிம்புக்குத் தகரம், உள்ளே அலுமினியத் தாள். லண்டன் போய்ச் சேரும்வரை தேயிலை நமர்த்துப் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு; அது கடதாசிக்கு மட்டும் வஞ்சனை செய்யுமா? வெட்டுகளை மடிக்காமல் சுருட்டி, பழைய பாவாடை நாடாவால் கட்டி, அளவுவாரியாக நிறுத்தி வைப்பார். வேப்பிலை எங்கள் குளிருக்கு வராது. அதனால் டர்ப்பன்டைன் மரத்து இலை, அதாவது யூகலிப்டஸ். கிழிந்த ஓரத்துக்குப் பின்னால் மெல்லிய துணி ஒட்டுவார். கோதுமை மாப் பசையில் துருசு ஒரு சிட்டிகை, பூச்சி அண்டாது. பெட்டிக்கு இடம் அடுப்புக்கு எதிர்ச் சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அதுதான் காய்ந்த இடம், அங்கேதான் தாத்தா படுத்திருந்தார். தாத்தா நகர்ந்துகொண்டார்.

அமெரிக்காவில் றோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பழைய தையல் வெட்டுகளுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. கையுறை, அமிலமில்லாத உறை, பட்டியல் எண் எல்லாம் உண்டாம். பெரியம்மாவிடம் சொன்னேன். "அவுங்க அதுல தைக்கிறாங்களா?" என்றார். இல்லை, பாதுகாக்கிறார்கள் என்றேன். "பாவம்" என்றார்.

பேட்டனைக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார், கையில் கொடுக்கவும் மாட்டார். தாளோடு வரவேண்டும், அவர் கண் முன்னால் படி எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குத் தானே வெட்டிக் கொடுத்தார், சீமெந்துப் பையின் உள்தாளில். அப்படி ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டுதான் என் சின்ன அத்தை கோச்சியேறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 1993இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசம். இடையில் துணிக்குப் பதில் வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு திரும்பவும் துணி. துணி வருகிறது, தைக்கத்தான் ஆளில்லை. ஹட்டன் டவுனில் தையல்கடையில் கொடுத்தால் அளவுச் சட்டை கேட்கிறார்கள். போன வருசத்துச் சட்டையைக் கொடுத்தால் போன வருசத்து அளவில் வருகிறது.

என் அண்ணன் மகள் பியகமவில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை, பேட்டன் பிரிவில். அங்கே கத்தரியே இல்லை. திரையில் கோடு, ஒரு தட்டில் எட்டு அளவு. "ஆயிரம் பேட்டன் ஒரு விரல் நீளத்துல அடங்கும் அத்த" என்று பென்டிரைவைக் காட்டினாள். 2022இல் அவள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது நாட்டில் பத்து மணி நேரம், பதின்மூன்று மணி நேரம் என்று மின்வெட்டு. விரல் நீளத்துக்குள் ஆயிரம் பேட்டனும் இருட்டில் கிடந்தன. காகிதத்துக்கும் தட்டுப்பாடு, மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். பெரியம்மாவின் மிதி மெசின் மட்டும் யாரையும் கேட்காமல் ஓடியது.

கரண்டு நிலைத்த பிறகு அவள் இணையத்தில் ஒரு கவுன் வெட்டைக் காசு கட்டி வாங்கினாள். பிடிஎஃப். கொம்யூனிகேஷன் கடையில் அச்சடித்தோம். ஏ4 தாள்கள், மூலைக்கு மூலை எண் பார்த்து ஒட்ட வேண்டும். தரை முழுக்கப் பரப்பிப் பொழுதெல்லாம் ஒட்டி, அவள் பிள்ளைக்குத் தைத்துப் போட்டால் பொத்தான் எட்டவில்லை. கடைக்காரத் தம்பி 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அமுக்கிவிட்டார். நூற்றுக்கு நான்கு குறைந்தால் முப்பது அங்குல மார்புக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். முதல் பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று இருக்குமாம், அதை அடிமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை அச்சடிக்க வேண்டுமாம். அந்தக் காலத்துப் படி பிள்ளைகளைப் பெருக்க வைத்தது, இந்தக் காலத்துப் படி மெலிய வைக்கிறது. சரியான அளவு இரண்டு காலத்திலும் யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தேயிலைப் பெட்டிக்குப் போனோம். தொண்ணூறு தாண்டிய பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சுருளை எடுத்துக் கொடுத்தார். மருமகள் செக்ரோல் வெட்டைப் படம் பிடித்துக் குடும்ப வட்சப் குழுவில் போட்டாள். கூடலூரிலிருந்து சின்ன அத்தை உடனே குரல் செய்தி அனுப்பினார்: சீமெந்துத் தாள் வெட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் கழுத்துப் பக்கம் எலி கடித்துவிட்டது, பேத்திக்குத் தைக்க வேண்டும். படம் வந்ததே என்றோம். "படத்துல எப்படிம்மா விரக்கட போட்டுப் பாக்கிறது? கடதாசியா அனுப்பு."

கடதாசியாகவே அனுப்பினோம். பெரியம்மா சொல்லச் சொல்ல மருமகள் புதிதாக ஒரு படி எடுத்தாள், இந்தத் தடவை கோட்டுக்கு உள்ளே வெட்டி. பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "புடிக்கும், புடிக்கும்" என்று பிள்ளையின் இடுப்பைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தார். தபால் கந்தோரில் சுங்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, பெறுமதி என்ன என்று இரண்டு கட்டம். மருமகள் 'வெட்டிய கடதாசி' என்று எழுதினாள். பெறுமதிக் கட்டத்தை என்ன செய்வதென்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர், சும்மா ஒன்று போடுங்கள், இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி, முன்னும் பின்னும் முத்திரையைக் குத்தினார்.