டப்பாவில் இல்லாத வயர்

போகியன்று காலையில் வீட்டைவிட்டு வெளியேறிய நான்கே நான்கு வயர்களில் ஒன்று, காணும் பொங்கலன்று காலை பத்தேகால் மணிக்குத் தேவைப்பட்டது. இடையில் முழுசாக மூன்று நாள். அதற்கு முன் அந்த வயர் 17 வருஷம் டப்பாவுக்குள் படுத்துக் கிடந்தது. ஒருநாளும், ஒருவரும், ஏன் என்று கேட்டதில்லை.

இதை எழுதுகிற கட்டுரையாளருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றால் அடுத்த போகி வந்துவிடும். கையில் எடுத்த வயரைப் பார்த்த மாத்திரத்தில் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சொல்லிவிட எளிய வழி ஒன்று உண்டு. வாசகர்களுக்கு அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த டப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை.

வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த வெண்ணெய் பிஸ்கட்டின் நீலநிறத் தகர டப்பா அது. மற்ற வீடுகளில் அதைத் திறந்தால் ஊசியும் நூல்கண்டும் இருக்கும். கட்டுரையாளர் வீட்டில் வயர். டப்பா நிறைந்ததும் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி துணைக்கு வந்தது. அதுவும் நிறைந்ததும் மிக்சி வந்த பெட்டி. மூன்றுக்கும் பேர் ஒன்றுதான்: ‘வயர் டப்பா’. ஒரு வயரை இழுத்தால் அது தனியாக வராது. மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று ஒன்பது வயரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வரும். உள்ளே போடும்போது சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கட்டுரையாளர் ஒழுங்காகத்தான் போட்டார். ராத்திரியில் அவை தங்களுக்குள் என்ன செய்துகொள்கின்றன என்பது யாருக்கும் தெரியாது.

டப்பாவின் அடிமட்டத்தில் இருப்பவர் மூத்தவர்: நோக்கியா பெரிய பின் சார்ஜர். 2003-இல் வந்த நோக்கியா 1100, தலையில் டார்ச் லைட் வைத்த அந்தப் போன், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அன்றெல்லாம் டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடம் வேண்டுமானாலும் போய் “நோக்கியா பின் இருக்கா?” என்று கேட்கலாம், எங்கிருந்தாவது ஒரு கை நீளும். அப்புறம் சின்ன பின் வந்தது. 3.5 மில்லிமீட்டர் தடிமன் 2 மில்லிமீட்டராகக் குறைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் குடும்பங்கள் பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தன. சமாதானத் தூதராகக் கட்டைவிரல் அளவில் ஒரு கன்வெர்ட்டர் வந்தது: ஒரு பக்கம் பெரியது, மறுபக்கம் சின்னது. கட்டுரையாளரிடம் அதில் மூன்று இருக்கின்றன. போன்தான் ஒன்றும் இல்லை.

“ஏங்க, இந்த சார்ஜருக்குப் போனே இல்லையே?”

“போன் இல்லன்னா என்ன? சார்ஜர் நல்லாத்தானே இருக்கு.”

இந்தப் பதிலை அவர் வீட்டம்மா இன்றுவரை ஏற்கவில்லை. ஆனால் வரலாறு கட்டுரையாளர் பக்கம்தான் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை திறந்தது. கோடிக்கணக்கில் போன்கள் செய்து, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அந்த வளாகம் சில வருஷம் பூட்டிக் கிடந்தது. பிறகு அதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? சால்காம்ப் என்கிற நிறுவனம். அதன் தொழில், சார்ஜர் செய்வது. 2019-இல் அறிவிப்பு வந்தது. ஆக, போன் போய்ச் சார்ஜர் மட்டும் தங்கிய கதை கட்டுரையாளரின் பிஸ்கட் டப்பாவில் மட்டும் நடக்கவில்லை. பல ஏக்கர் அளவில் ஸ்ரீபெரும்புதூரிலும் நடந்திருக்கிறது. அவரைப் பைத்தியம் என்பவர்கள் சால்காம்ப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

நோக்கியாவுக்கு மேல் அடுக்கில், பழைய ஐபாடுக்கான அகல வாய் வயர், 30 பின். அதற்கு மேல், 2012-இல் ஐபோன் 5-உடன் வந்த லைட்னிங். டி.வி.டி. பிளேயர் போன பிறகும் போகாத சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முக்கூட்டு வயர். இரண்டு பக்கமும் திருகாணி வைத்த, நீலத் தலை மானிட்டர் கேபிள். லேண்ட்லைன் போனின் சுருள் வயர். சதுர வாய் பிரிண்டர் வயர், நான்கு; பிரிண்டர் எப்போதும் ஒன்றுதான் இருந்தது. இடது காதில் மட்டும் பாடுகிற இயர்போன், வலது காதில் மட்டும் பாடுகிற இன்னொன்று. இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒரு முழுப் பாட்டு கேட்கும் என்பதால் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. எந்தச் சாதனத்தோடு வந்தது என்றே தெரியாத கறுப்பு அடாப்டர்கள் ஆறு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் 9 வோல்ட், 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, ஊர் பேர் இல்லை. திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி. என்றைக்காவது பெற்றோர் தேடிக்கொண்டு வருவார்கள் என்று அவர் வைத்திருக்கிறார்.

விஷயத்துக்கு வரலாம். காணும் பொங்கலன்று கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த மகள் கேட்டாள்: “அப்பா, எனக்கு மொட்டை போட்டு காது குத்துன போட்டோ எல்லாம் எங்க?”

எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 2008-இல் வாங்கிய ஹார்டு டிஸ்கில். கட்டுரையாளர் பெருமையோடு பீரோவிலிருந்து எடுத்தார். அதன் பின்னால் இருந்த ஓட்டையைப் பார்த்தார். வயிறு கொஞ்சம் உப்பிய, குட்டையான வாய். மினி யு.எஸ்.பி.

மூன்று டப்பாவையும் கூடத்தில் கவிழ்த்தார். எண்ணிப் பார்த்தால் 37 வயர். மினி மட்டும் இல்லை. மைக்ரோ இருந்தது, பதினொன்று. மினி 2000-இல் வந்தது, மைக்ரோ 2007-இல்; பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒருவர் சட்டை இன்னொருவருக்குச் சேராது. செருகிப் பார்த்தார். திருப்பிச் செருகிப் பார்த்தார். பதினொன்றையும் செருகிப் பார்த்தார்.

“போகிக்குக் கழிச்சதுல இருந்துச்சோ என்னவோ,” என்றார் வீட்டம்மா, காய் நறுக்குவதை நிறுத்தாமல். “நீங்கதானே நாலு வயர் எடுத்துக் கொடுத்தீங்க. பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கிட்டாரு.”

17 வருஷத்தில் முதல்முறையாக வீட்டம்மா பேச்சைக் கேட்டு நான்கு வயரைக் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் அது.

செருகுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. தட்டையான பழைய யு.எஸ்.பி. தலையை முதல் தடவையிலேயே சரியாகச் செருகியவர் யாராவது உண்டா? போகாது. திருப்புவோம். அப்போதும் போகாது. மறுபடி முதலில் பிடித்த மாதிரியே பிடித்தால் போய்விடும். இரண்டே பக்கம் உள்ள பொருளுக்கு மூன்று முயற்சி. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி.யின் முதல் விதிமுறை வெளியானது. இன்டெல்லில் அதை முன்நின்று உருவாக்கியவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். இரண்டு பக்கமும் செருகும்படி செய்திருந்தால் வயரும் சுற்றும் கூடி, செலவும் இரட்டிப்பாகியிருக்கும் என்று 2019-இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். மலிவாக இருந்தால்தான் எல்லாரும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. நியாயம்தான். அவரை ராக் ஸ்டார் போலக் கொண்டாடி 2009-இல் இன்டெல் ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் அஜய் பட்டாக வந்தவர் ஒரு நடிகர். அங்கேயும் முதல் தடவையில் சரியான ஆள் பொருந்தவில்லை.

அந்த எளிய வழிக்கு இதோ வந்துவிடலாம். அதற்கு முன் சி டைப்.

2014-இல் சி டைப் வந்தபோது கட்டுரையாளர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எப்படிச் செருகினாலும் போகும்; குட்டி வாய்க்குள் 24 தொடுமுனை. ஐரோப்பாவில் 2009 வாக்கில் 30 வகைக்கு மேல் சார்ஜர்கள் இருந்தன. பயன்படாமல் எறியப்படும் சார்ஜர்களால் மட்டும் வருஷத்துக்கு 11,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் கணக்குச் சொன்னது. (நங்கநல்லூரில் கட்டுரையாளர் வீட்டில் இருக்கும் மூன்று டப்பா அந்தக் கணக்கில் வராது, இங்கே எதுவும் எறியப்படவில்லை, நான்கைத் தவிர.) கடைசியில் சட்டமே போட்டார்கள். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற புதுப் போன்களுக்கெல்லாம் சி டைப்தான். லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆப்பிளும் 2023-இலேயே ஐபோன் 15-இல் சி டைப்புக்கு மாறிவிட்டது.

ஒரே வாய். ஒரே வயர். டப்பாவுக்கு விடுதலை. அப்படித்தான் அவர் நம்பினார்.

இப்போது அவரிடம் சி டைப் வயர் மட்டும் ஒன்பது. ஒன்பதும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்பதும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒன்று 60 வாட் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வயருக்குள்ளேயே ஒரு சிப் இருக்க வேண்டும், இப்போது 240 வாட் வரை வந்துவிட்டது. ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும். பக்கத்தில் இருக்கிற அதே நிற வயர் 40 ஜிகாபிட், அதாவது எண்பது மடங்குக்கு மேல். ஒன்று டி.வி.க்குப் படம் அனுப்பும், மற்றது அனுப்பாது. நல்ல வயர் என்றால் தலையில் 60 என்றோ 240 என்றோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது அதைப் பாருங்கள். மற்றவற்றில் ஒன்றும் இருக்காது, வழவழவென்று இருக்கும். பேரிலாவது தெளிவு உண்டா என்றால், 2008-இல் யு.எஸ்.பி. 3.0 என்று ஒன்றைச் சொன்னார்கள். பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். பிறகு அதையே 3.2 ஜென் 1 என்றார்கள். வேகம் மூன்று பேரிலும் அதே 5 ஜிகாபிட். வேலை மாறாமல் பதவிப்பெயர் மட்டும் உயர்வது அலுவலகத்தில் பார்த்ததுதான்; வயருக்குமா?

மோசமான வயர் சும்மாவும் இருக்காது. பென்சன் லியுங் என்கிற கூகுள் பொறியாளர் 2015-இல் கடையில் விற்கிற சி டைப் வயர்களைத் தன் கைக்காசில் வாங்கிச் சோதித்து, தேறாதவற்றைப் பகிரங்கமாகச் சொல்லிவந்தார். 2016 பிப்ரவரியில் அப்படி ஒரு வயரை மாட்டினார். உள்ளே கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருந்தார்கள். அவருடைய லேப்டாப் போயே போய்விட்டது. பொறியாளருக்கே அந்தக் கதி.

இதற்கு நடுவே, 2020-இல் ஐபோன் 12 வந்தபோது சுற்றுச்சூழலைக் காப்பாற்ற பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டார்கள். எல்லார் வீட்டிலும்தான் பழைய சார்ஜர் இருக்கிறதே என்றார்கள். கூடவே வந்த வயரின் ஒரு முனை சி டைப். பெரும்பாலானோர் வீட்டில் இருந்த பழைய சார்ஜரில் அது போகாது. சார்ஜர் தனியாக வாங்க வேண்டும், அதுவும் தனிப் பெட்டியில் வரும். அடுத்த சில மாதங்களில் சாம்சங்கும் அதே வழி. இதற்காகப் பிரேசில் அரசு 2022-இல் ஆப்பிளுக்கு 1.2 கோடி ரெயாலுக்கு மேல் அபராதம் போட்டது. கட்டுரையாளருக்கு பிரேசிலில் யாரையும் தெரியாது. இருந்தாலும் அன்று ராத்திரி அவர் ஒரு வாய் பாயசம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் கட்டுரையாளர் மினி வயர் தேடி ரிச்சி தெருவுக்குப் போனார்.

“மைக்ரோவா சார், சி டைப்பா?” என்றான் கடைப் பையன்.

“மினி.”

“அது என்னா சார்?”

உள்ளே பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: “கார் கேமரா வயர்டா. மேல் ரேக்குல பாரு.”

பையன் ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி, எடுத்துக் கொடுத்தான். கட்டுரையாளர் பாதுகாப்புக்காக இரண்டு வாங்கினார். ஒன்று இன்றைக்கு, ஒன்று டப்பாவுக்கு.

வீட்டுக்கு வந்து மாட்டினார். ஹார்டு டிஸ்கில் நீல விளக்கு எரிந்தது. மகள் கைதட்டினாள். உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். கழற்றி மாட்டினார்கள். இரண்டாவது வயரை மாட்டினார்கள். நீல விளக்கு, சுழலும் சத்தம், வெறும் திரை.

யு.எஸ்.பி. வயரைக் கீறிப் பார்த்தால் சாதாரணமாக நான்கு கம்பி இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தகவல் கம்பி இரண்டையும் விட்டுவிடுவார்கள். கார் கேமராவுக்கு மின்சாரம் போனால் போதும். அதன் படங்கள் மெமரி கார்டில் இருக்கும். அப்படிப்பட்ட வயரில் போன் சார்ஜ் ஆகும், கம்ப்யூட்டரோடு பேசாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கடையிலேயே கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு வயரைப் பார்த்தாலே தெரியும்.

மகள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். ஹார்டு டிஸ்க் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. புதிதாக வந்த இரண்டையும் சேர்த்து டப்பாவில் இப்போது 39 வயர். இந்தப் பக்கத்தைப் படிக்கிற யாராவது அடுத்த போகிக்குத் தங்கள் டப்பாவைக் கவிழ்ப்பதாக இருந்தால், வயிறு உப்பிய, குட்டை வாய் வயர் ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நான்கு கம்பி உள்ளதாக இருக்கட்டும். நங்கநல்லூரில் ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. மாற்றாக நோக்கியா பின் தருவார், பெரியதோ சின்னதோ, உங்கள் விருப்பம்.