எம்.ஜி.ஆர். இல்லாத இலக்கணம்

ஆங்கில இறந்தகாலம் தமிழர்களுக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரிட்டயர்டு, டயர்டு, கமிட்டட், எக்ஸ்பயர்டு என்று அந்த உருவங்கள் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகின்றன. என்ன, அவற்றின் மேல் நமக்கு முழு நம்பிக்கை கிடையாது. 'ரிட்டயர்டு ஆயிட்டார்', 'கமிட்டட் ஆயிட்டான்' என்று பின்னால் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுகிறோம்.

அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிற என் பெரியப்பா அப்படி ஒரு ரிட்டயர்டு. கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். மகன் அமெரிக்காவில். மூன்று வயதுப் பேத்தி, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ரகம். விசா நேர்காணல் ஒருபக்கம், பேத்தி மறுபக்கம் என்று நெருக்கவே பெரியப்பா ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் வாங்கிவிட்டார். வாத்தியார் வேலை, விடுமுறைக்கு ஊருக்கு வந்து திண்ணையில் சும்மா கிடந்த என் தலையில் விழுந்தது. எங்கே வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம் பார்த்தீர்கள், எப்போது ஓய்வுபெற்றீர்கள் என்று விசாவில் கேட்பதெல்லாம் நடந்து முடிந்த சங்கதிகள். ஆகவே சிம்பிள் பாஸ்ட்டிலிருந்து தொடங்கினோம்.

தொடக்கம் அமோகம். வினைச்சொல்லுக்குப் பின்னால் இ.டி. சேர்த்தால் இறந்தகாலம். விதி என்றால் பெரியப்பாவுக்கு உயிர். சர்வீஸ் முழுக்க சிட்டாவும் அடங்கலும் எழுதிய கை. வாக்கெட், ஜம்பெட், லவ்வெட் என்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனார். எழுதும்போது எல்லாம் ஒரே இ.டி.தான், படிக்கும்போது வாக்ட், கால்டு, வான்டட் என்று மூன்று விதமாக வரும் என்றேன். பக்கத்தில் எந்த ஒலி நிற்கிறதோ அதைப் பார்த்து இது குரலை மாற்றிக்கொள்ளும். தமிழில் படத்துக்கு ஒரு ட, பட்டத்துக்கு ஒரு ட என்று நாமும் அதைத்தான் செய்கிறோம் என்றதும் சமாதானமானார். பிளேக்கு இறந்தகாலம் பிளேடு என்பதில் மட்டும் அவருக்குக் கடைசிவரை ஒரு சிரிப்பு இருந்தது.

வம்பு 'கோ'வில் வந்தது. அவர் நியாயமாகக் 'கோடு' என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்து 'வென்ட்' என்று எழுதினேன். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருலே?"

உண்மையிலேயே அது வேற்று வீட்டுப் பிள்ளைதான். வெண்டு என்றொரு பழைய ஆங்கில வினைச்சொல். போவது, திரும்புவது என்று பொருள். வென்ட் அதன் இறந்தகாலம். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் 'கோ' அதைத் தன் வீட்டுக்கு நிரந்தரமாகக் கொண்டுவந்துவிட்டது. பெற்ற வெண்டு இப்போது வெண்டட் என்று புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு கவிதையின் ஓரத்தில் காலம் தள்ளுகிறது.

"தத்து எடுத்ததுக்குப் பத்திரம் இருக்கா?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டியலையே அவரிடம் காட்டும் தைரியம் வந்தது. சீ–சா, டேக்–டுக், பை–பாட், தின்க்–தாட். கட்டுக்கும் புட்டுக்கும் இறந்தகாலமும் அதேதான், மாற்றமே இல்லை. ரீட் எழுத்தில் மாறாமல் வாயில் மட்டும் ரெட் ஆகும். பெரியப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "புரிஞ்சு போச்சு. இவனுவல்லாம் பரம்பரை" என்றார்.

இதன் கனம் தெரிய அவர் சர்வீஸ் கதை தெரிய வேண்டும். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு மணியக்காரர், கர்ணம் என்ற பரம்பரைக் கிராமப் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தில் ஒழித்தது. தாத்தா மணியக்காரர், அதனால் பேரனும் மணியக்காரர் என்ற கதை அத்தோடு முடிந்தது. பிறகு தேர்வெழுதி உள்ளே வந்த முதல் தலைமுறை வி.ஏ.ஓ.க்களில் பெரியப்பாவும் ஒருவர். ஆகவே அவர் கண்ணில் இ.டி. போட்ட வினைகளெல்லாம் முறையாகத் தேர்வெழுதி வந்தவை. வென்ட், டுக், பாட் எல்லாம் பாட்டன் பெயரைச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கூட்டம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் 'நேச்சர்' இதழில் இந்தக் கூட்டத்தைத் தலை எண்ணியிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இப்படி முறைகேடாகத் திரிந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தால், இன்றும் திமிர் குறையாமல் இருப்பவை 98. மற்றவை இ.டி.க்கு அடங்கிவிட்டன. இன்றைக்குச் சாதுவாக ஹெல்ப்டு என்கிற ஹெல்ப்கூட ஒருகாலத்தில் ஹோல்ப் என்று திரிந்ததுதான். யாரும் உத்தரவு போட்டு அடக்கவில்லை. புழக்கம் குறையக் குறையப் பழைய உருவம் மறந்துபோகிறது, மறந்தவன் இ.டி. சேர்த்துவிடுகிறான். பி, ஹேவ், டூ, கோ, சே மாதிரி தினமும் வாயில் விழுகிறவற்றை மறக்கவும் வழியில்லை, திருத்தவும் ஆளில்லை. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்குகிற பத்து வினைகளும் முறை தப்பியவையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

"அனுபவ பாத்தியம்" என்று பெரியப்பா ஒரே சொல்லில் அந்த ஆய்வை முடித்துவைத்தார். "அங்க ஒரு எம்.ஜி.ஆர். இல்லாமப் போயிட்டார், பாத்தியா?"

ஸ்னீக் விஷயத்தைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒழுங்காக ஸ்னீக்டு என்று இருந்த வினை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்னக் என்று மாறத் தொடங்கி, இன்று அங்கே அதுவும் பலர் வாயில் புழங்குகிறது. "பரீட்சை எழுதி வந்தவன் பரம்பரை கேக்கானா?" என்று அவர் அன்றைக்குச் சாப்பாட்டில் சரியாக உட்காரவில்லை. சூட்டைத் தணிக்க, நம் வீட்டிலும் செல்லுக்குச் சென்றான், சொல்லுக்குச் சொன்னான், கல்லுக்குக் கற்றான் என்று இதே கூத்து உண்டே என்றேன். நன்னூல் த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை கொடுத்திருக்கிறது. எது எங்கே வரும் என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் நாமும் முழிக்கத்தான் வேண்டும்.

"அது நம்ம வீட்டு விஷயம். வெளிய பேசாத."

அவருக்கு ஆறுதல் பேத்தியிடமிருந்து வந்தது. வீடியோ காலில் அவள் பூங்காவுக்குப் போன கதையைக் 'கோடு' என்றே சொன்னாள். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மேல்முறையீடே வெற்றிபெற்றிருந்தது. குழந்தைகள் முதலில் கேட்டபடி வென்ட் என்பார்கள். விதி பிடிபட்டவுடன் கோடு என்பார்கள். வளர்ந்ததும் மறுபடி வென்டுக்கு வந்துவிடுவார்கள். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் காதில் நடுப்பகுதி மட்டும்தான் விழுந்தது.

'டிட்' ஒன்றைத்தான் அவர் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டார். நம்மவர்களில் பெரிய பெரிய ஆட்களே டிட் நாட் வென்ட் என்று தடுக்கி விழுகிற இடம் அது. பெரியப்பாவோ, "டிட்டுல சீல் குத்தியாச்சு. ஒரே மனுவுக்கு ரெண்டு சீல் எதுக்கு?" என்று போய்க்கொண்டே இருந்தார்.

இந்த முறைகேட்டு வினைகளையெல்லாம் மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம். தமிழ் வளர்த்த ஆளுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு: ஆங்கிலத்தின் சிம்பிள் பாஸ்ட் முடிந்துபோனதைத்தான் முடிந்தது என்னும். யெஸ்டர்டே என்று வாயெடுத்தால் கதவைச் சாத்திவிடும். 'ஹேவ் கான்' என்று இடுக்கில் ஒரு காலை வைத்துக்கொள்ளக்கூட விடாது. நாம் அப்படியா? மகன் போனில் காத்திருக்க, பெரியப்பா குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்பார். இது பொய்யில்லை, இலக்கணம். விரைவு காரணமாக, நடக்காததை நடந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியத்திலேயே இடமிருக்கிறது. காலவழுவமைதி என்று பெயர். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் 'உண்டேன், வந்தேன்' என்று குரல் கொடுப்பதை உரையாசிரியர்களே உதாரணம் காட்டுகிறார்கள். ஆட்டோக்காரர்களும் தையல்காரர்களும் அந்த மரபைக் கட்டிக் காத்துவருகிறார்கள். பெரியப்பா மகனிடம் ஒருநாள் ஈரத்தலையோடு 'ஐ கேம்' என்று கத்தியபோது எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

கடைசியில் நேர்காணல் ஒத்திகை. நான் விசா அதிகாரி. முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஐ ஆம் வி.ஏ.ஓ."

"வாஸ், பெரியப்பா. ஐ வாஸ்."

"ஏன் வாஸ்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ஓய்வுபெற்றால் 'வாஸ்'தான் என்றேன். ஓய்வு ஆபீசுக்குத்தான், தனக்கில்லை என்றார். இதை வைத்து நாங்கள் ஏறக்குறையச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். கையில் ஏதோ பழைய பத்திரத்தோடு ஒரு கிழவர் எட்டிப்பார்த்து, "வி.ஏ.ஓ. ஐயா இருக்காகளா?" என்றார்.

பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"போய்ச் சொல்லு பாப்போம், உள்ள இருக்கது வாஸ்னு."