சாஃப்ட்வேர் ஏறுவதும் பாட்டு இறங்காததும்: விவேக் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் பெங்களூரு விவேக் நகர். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா ஆகியவை சுற்றெல்லை; குழந்தை இயேசு ஆலயம் நடுப்புள்ளி. வியாழன்தோறும் நவநாளுக்கு வரும் கூட்டம் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே மெழுகுவர்த்திக்குப் பேரம் பேசும் தெருக்கள் இவை. இத்தெருக்களின் மாடிகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில், கதவில் பழைய மெத்தையை அறைந்து, சுவரில் கறுப்பு ஃபோம் ஒட்டி, சிறு ஸ்டுடியோக்கள் நடக்கின்றன. பக்திப் பாட்டு, கல்யாண வீடியோ, குறும்படப் பின்னணி, கானா என்று எது வந்தாலும் பதிவாகும். இங்கே பழைய இசை சாஃப்ட்வேரை விட்டுப் புதியதற்கு மாறும்போது பாட்டுக்கு என்ன நேர்கிறது என்பதே ஆய்வுப் பொருள். சாஃப்ட்வேருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி உலகெங்கும் எழுதிக் குவித்துவிட்டார்கள். பாட்டைப் பற்றி விசாரித்தார் இல்லை.

கருதுகோள் வருமாறு: புதிய சாஃப்ட்வேர் ஏறிய கணினியில் வசதி இருக்கும், பாட்டு இருக்காது, பாட்டு உள்ள கணினியில் வசதி இருக்காது. இவ்விரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர் எவரும் களத்தில் அகப்படவில்லை.

முதலில் துறையின் தொன்மை. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் ஐபிஎம் 704 கணினியை இசைக்க வைத்தார். அறையை அடைக்கும் கணினி. வந்த இசை 17 வினாடி. ஆனால் அது முடிந்த இசை. எனவே 17 வினாடியை ஒரு 'மாத்யூஸ்' என்று அலகாகக் கொள்ளலாம். ஒரு ஸ்டுடியோவில் ஒரு வாரத்தில் எத்தனை மாத்யூஸ் முடிந்தது என்று கேட்க இது வசதி. கேட்டால் பதில் சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

1983-இல், மின்னிசைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் மிடி வந்தது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைத் துணைக்கு வைத்துக்கொண்டதைத் திரையிசை பற்றி எழுதுவோர் தவறாமல் குறிப்பிடுவர். 1989-இல் ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அடாரி கணினிக்கு க்யூபேஸ் என்ற இசை சாஃப்ட்வேரைத் தந்தது. அதே ஆண்டில் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னைக் கட்டினார். 1992-இல் 'ரோஜா'. இசை சாஃப்ட்வேருக்குள் செருகும் துணைநிரலான விஎஸ்டி ப்ளக்இன் பிறந்தது 1996-இல், சுருதி திருத்தும் ஆட்டோ-ட்யூன் 1997-இல். அதாவது, இன்று விவேக் நகரில் "இது இல்லாம எப்படிண்ணா பாட்டு பண்றது?" என்று கேட்கப்படும் இந்த இரண்டும் இல்லாமலே 'ரோஜா' வந்துவிட்டது. இந்த முரணை ஒரு ஸ்டுடியோக்காரர் முன் வைத்தபோது, "அவர் ரஹ்மான், நாம யாரு?" என்ற விளக்கம் கிடைத்தது. அப்படியானால் புதிய மேக் எதற்கு என்று கேட்டபோது, "ரஹ்மானே லாஜிக்தான்" என்ற விளக்கம் கிடைத்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே டீக்கு இடையில்.

எந்த இசை சாஃப்ட்வேரை நம்புகிறார்கள் என்பதை வைத்துச் சமயப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாஜிக்கர் செல்வர். 2002-இல் ஆப்பிள் லாஜிக்கை வாங்கி விண்டோஸ் பதிப்பை நிறுத்தியதிலிருந்து, அச்சமயத்தில் சேர மேக் என்னும் தீட்சை வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோக்காரர்கள் கவலையற்றவர்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புதிய பதிப்பு இலவசம் என்பதால் அவர்களிடம் துயர இலக்கியம் வளரவில்லை. ரீப்பரை 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிறகு 60 டாலர். 60 நாள் கழிந்தாலும் அது ஓடும். திறக்கும்போதெல்லாம் காசைப் பற்றி மரியாதையாக நினைவூட்டும். அந்த நினைவூட்டலை ஆண்டுக்கணக்கில் கண்டும் கலங்காத மனோதிடம் தனி ஆய்வுக்குரியது. சோனாரை நம்பியவர்கள் 2017 நவம்பரில் கிப்ஸன் நிறுவனத்தால் கைவிடப்பட்டு, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் பேண்ட்லேப்பால் இலவசமாகக் கரையேற்றப்பட்டவர்கள். உபதேசம் கேட்க வேண்டுமானால் இவர்களிடம்தான் கேட்க வேண்டும். எதையும் நம்பாதே என்று ஆரம்பிப்பார்கள்.

பிரிவுகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது கிராக் மார்க்கம். பெங்களூரு எஸ்.பி. ரோடில் கணினியைக் கூட்டிக் கட்டி வாங்கி வந்த காலத்திலிருந்து இதற்குத் தொடர்ச்சி உண்டு. திருட்டுச் சாவி செய்துதரும் அந்தக் குட்டி நிரலைத் திறந்தவுடன் அதுவே பழைய வீடியோ கேம் பாணியில் ஒரு மெட்டை முழங்கும். யார் போட்டதென்று பெயர் கிடையாது, ராயல்டி கிடையாது. ஆனால் தாளம் பிசகாது, மிக்ஸிங் சுத்தம். அறையில் அன்றைக்கு முழுமையடைந்து ஒலித்த ஒரே இசை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். எத்தனை மாத்யூஸ் என்று தாராளமாக அளக்கலாம்.

இனி, இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள். மறுநாள் ப்ளாக் ஃப்ரைடே என்னும் தள்ளுபடித் திருநாள். ஆண்டு முழுக்க யானை விலை சொன்ன ப்ளக்இன் கம்பெனிகள் அன்று விலையை அடிமட்டத்துக்கு இறக்கும். விவேக் நகர் வியாழனன்று நவநாளில் நிற்கிறது, வெள்ளியன்று கார்டை எடுக்கிறது. அடுத்த பத்து நாளுக்குள் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு கேரல் ரவுண்ட், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜனவரி 14-இல் ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா. ஆக, ஆண்டிலேயே பாட்டு அதிகம் கேட்கப்படும் ஏழு வாரமும், சாஃப்ட்வேர் புதிதாக ஏறி எதுவும் உருப்படியாக ஓடாத ஏழு வாரமும் ஒன்றே. க்யூபேஸ் 13 வெளியானது 2023 நவம்பர், 14 வெளியானது 2024 நவம்பர் என்பதைப் பார்க்கும்போது இதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. தள்ளுபடியை ஜூலைக்கு மாற்றச் சொல்லி ஏதேனும் ஓர் ஆலயப் பங்குப் பேரவை மனுக் கொடுத்தால் நலம்.

வாய்மொழிச் சான்று ஒன்றைத் தரலாம். பாடகர் குழு மாஸ்டர் மாடிப்படியில் நின்றபடி கேட்கிறார். ஸ்டுடியோக்காரர் உள்ளே, திரையில் நகரும் நீலக்கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தம்பி, பாட்டு ஆச்சா?"

"அப்டேட் போயிட்டிருக்கு மாஸ்டர். முடிஞ்சதும் மிக்ஸிங்தான்."

"போன வருஷமும் இதேதானேப்பா போயிட்டிருந்துச்சு?"

"அது பதிமூணு மாஸ்டர். இது பதினாலு."

"பாட்டு?"

"பாட்டு அதே பாட்டுதான்."

கடைசி விடைக்கு இருவகை உரை கூறலாம். போன வருடப் பாட்டே இன்னும் முடியவில்லை என்பது ஒன்று. இந்த வருடத்துக்கென்று பாட்டே போடவில்லை என்பது மற்றொன்று. முன்பின் தொடர்பு நோக்க, இரண்டும் பொருந்தும்.

அப்டேட் முடிந்து பதிவு தொடங்கினால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. புதிய ப்ளக்இன்கள் கனமானவை; கணினி திணறும், ஒலி வெட்டும். உடனே, ஒலி காத்திருக்கும் பஃபரை 512 மாதிரிக்கு ஏற்றுவார்கள். வினாடிக்கு 44,100 மாதிரி என்னும் கணக்கில் இது ஒரு வழிக்கு ஏறத்தாழ 11.6 மில்லிசெகண்ட் தாமதம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், பாடகிக்குத் தன் குரல் குறைந்தது 13 அடிக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஹெட்ஃபோனில் கேட்கும். அறையின் நீளமோ 12 அடி. ஆகவே கணக்குப்படி அவர் சுவருக்கு அந்தப்புறம், பக்கத்து வீட்டுச் சமையலறையில் நின்று பாடுகிறார். சரணத்தின் உச்சியில் குக்கர் விசில் வந்து விழுவதற்கு இதைவிட நேர்த்தியான விளக்கம் இதுவரை முன்வைக்கப்படவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வை சொட்டப் பாடியவரிடம் இதை எடுத்துரைத்தபோது, "அண்ணா, ஃபேன் போடுங்க முதல்ல" என்றார். ஆய்வுக்கு ஒத்துழைக்காத தகவலாளி எனக் குறித்துக்கொள்ளப்பட்டது.

அடுத்து, பழையவை மறைவது. பழைய சொல் போவதும் புதிய சொல் வருவதும் குற்றமாகாது என்று பவணந்தி முனிவர் நன்னூலில் அனுமதி கொடுத்துவிட்டார். அவரிடம் 32 பிட் ப்ளக்இன் எதுவும் இருக்கவில்லை. 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு 32 பிட் நிரல்கள் அனைத்தையும் ஓடவிடாமல் நிறுத்தியது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சில்லையே மாற்றியது. அதுவரை நன்றாக வாசித்துக்கொண்டிருந்த வயலின் குழுக்களிலும் ஷெனாய்களிலும் பல ஊமையாயின. நூலுக்கு உத்தி முப்பத்திரண்டு என்று இலக்கணம் வகுத்த மரபில் வந்தவர்களுக்கு அறுபத்துநான்கு பிட் எதற்கு என்று வாதாடிப் பார்க்கலாம். ஆப்பிளிடம் எடுபடாது.

இதன் முழு விபரீதம் தெரிவது பழைய செஷனைத் திறக்கும்போதுதான். "போன வருஷப் பாட்டுல ரெண்டாவது சரணத்துல ஒரு வார்த்தை மாத்தணும், ஃபாதர் சொல்றாரு" என்று வந்து நிற்பார்கள். புதிய கணினியில் திறந்தால் வயலின் நாலு ட்ராக்கும் சிவப்பு; தபலா இருக்கிறது; புல்லாங்குழல் இருந்த இடத்தில் அதன் பெயர் மட்டும் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைத் துழாவினால் பாடபேதங்கள்: 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஒரிஜினல்', 'ஃபாதர் ஓகே பண்ணது', 'ஃபாதர் ஓகே பண்ணது புதுசு'. மூலபாடம் எது என்று தேதியை வைத்து முடிவு செய்ய இயலாது. காப்பி எடுத்த அன்று எல்லாமே ஒரே நாளில் பிறந்தவை ஆகிவிட்டன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார். கரையான் தின்றது போக மிஞ்சிய எழுத்தையாவது அவரால் படிக்க முடிந்தது. ஏட்டுக்குப் பதிப்பு எண் கிடையாது. 'இந்த ஓலையைத் திறக்க உங்கள் கண் பழையது' என்று அது சொல்லாது.

எனவேதான் ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் மேசைக்கடியில் இன்னொரு பழைய கணினி. மேலே பழைய லுங்கி போர்த்தியிருக்கும். பவர் பொத்தான் உள்ளே போய்விட்டதால் பேனா மூடியால் குத்தித்தான் எழுப்ப வேண்டும். எழும்பும்போது ஒரு உறுமல். அதற்குப் பயந்து அந்தத் தெருப் பூனை அறைக்குள் வருவதில்லை. நெட் இணைப்புக் கிடையாது. வறுமையால் அன்று, இணைத்தால் தானாகவே அப்டேட் ஆகிவிடும் என்ற அச்சத்தால். புதியதை வாங்கத் தவணை கட்டுகிறவர்கள் பழையதை அப்டேட்டிலிருந்து காப்பாற்றக் காவல் இருக்கிறார்கள். கருதுகோள் இத்துடன் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்க.

சந்தா பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பங்குச் சந்தாவை மாதாமாதம் தவறாமல் கட்டும் ஊரில் ப்ளக்இன்னுக்கும் மாதச் சந்தா என்றால் கொதிக்கிறார்கள். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. பங்குச் சந்தா கட்டாவிட்டாலும் பாடின பாட்டு திரும்ப ஓடும் என்பது இங்குள்ளோர் எடுத்துக்காட்டும் வேறுபாடு.

புதியதால் பயனே இல்லையா என்று எதிர்வாதி கேட்கக்கூடும். உண்டு. சுருதி திருத்துவது எளிதாகியிருக்கிறது. கொஞ்சம் விலகிப் பாடும் குழுவைக்கூட ஒருமுகப்படுத்திவிடலாம். எல்லாவற்றிலும் மேலாக, 2024 மே மாதம் வந்த லாஜிக் ப்ரோ 11-இல் ஒரு வசதி: கலந்து முடிந்த பாட்டைக் கொடுத்தால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று தனித்தனியே பிரித்துத் தரும். அதற்கு ஆப்பிளின் புதிய சில்லு உள்ள மேக்தான் வேண்டும். திறக்க மறுத்த செஷனை விட்டுவிட்டு, மாஸ்டரின் வாட்ஸ்அப்பில் கிடந்த எம்பி3-ஐ வாங்கி, அதிலிருந்து வயலினையும் புல்லாங்குழலையும் 'மற்றவை' என்ற ஒரே கட்டாக மீட்டெடுப்பதைக் களத்தில் நேரில் காண முடிந்தது. புதிய கணினியால் தொலைந்ததைப் புதிய கணினியே கண்டுபிடித்துக் கொடுத்தது. அப்படி மீண்ட பாட்டு மறுபடி எம்பி3 ஆகச் சுருங்கி, வாட்ஸ்அப்பில் போய், மெழுகுவர்த்திக் கடைக்காரரின் போனிலிருந்து ஒலித்தது. போன வருடப் பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடம் கேட்கப்பட்டது. "இது கொஞ்சம் சத்தமா இருக்குங்க" என்றார்.

மேலாய்வுக்குரிய ஒன்று மிச்சம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. பலர் கலங்கிப்போய் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் இருக்கும் கணினி கலங்கவில்லை. அதில் ஓடுவது விண்டோஸ் 7. அதற்கு சப்போர்ட் நின்றது 2020 ஜனவரி 14-இல், அதாவது சரியாகத் திருவிழா அன்று. அன்று காலைதான் அதில் ஒரு பாட்டு முழுசாக மிக்ஸ் ஆகி ஆலயத்துக்குப் போனதாக ஸ்டுடியோக்காரர் சொல்கிறார். சாயங்காலம் வந்து நெட் வயரைப் பிடுங்கிவிட்டாராம்.