பந்தைக் கொடுத்தவர் யார்?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சண்டையோடு வந்திருக்கின்றன: வெல்வது நட்சத்திர வீரரா, அவரோடு நிற்பவர்களா? தலைமன்னாரிலிருந்து அரிப்பு வரை கரை முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. என் கட்சி எதுவென்று பதில்களில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மைக்கல் ஜோர்டனா, லெப்ரோன் ஜேம்ஸா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
(தலைமன்னார் வாசகர்)

பிப்பன்!

ஒரே சொல் கேட்டீர்கள், தந்துவிட்டேன். விளக்கம் இலவசம். ஜோர்டன் 1984இல் சிக்காகோ புல்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் மூன்று பருவங்களின் வெளியேற்றுச் சுற்றுகளில் சிக்காகோ ஆடியது 10 போட்டிகள், வென்றது 1. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி பொஸ்டனுக்கு எதிராக ஜோர்டன் தனியாளாக 63 புள்ளிகள் எடுத்தார். வெளியேற்றுச் சுற்றுப் போட்டி ஒன்றில் இன்றுவரை அதை எவரும் தாண்டவில்லை. அந்தப் போட்டியிலும் சிக்காகோ தோற்றது. தொடரை 0-3 என்று இழந்தது. ஸ்கொட்டி பிப்பன் வந்தது 1987இல். 1991க்கும் 1998க்கும் இடையில் ஜோர்டன் வென்ற 6 கிண்ணங்களிலும் பக்கத்தில் நின்றவர் பிப்பன்தான்.

கேள்வி: அப்படியென்றால் பிப்பன் இல்லாத ஜோர்டன் வெறும் ஆளா? இது அநியாயம்!
(பள்ளிமுனை வாசகர்)

கோபம் நியாயமானது. 1992-93 பருவத்தில் ஜோர்டனோடு சிக்காகோ 57 போட்டிகளில் வென்றது. அடுத்த பருவம் ஜோர்டன் ஓய்வு. பிப்பனும் மற்றவர்களும் 55 போட்டிகளில் வென்றார்கள். ஜோர்டனின் பெறுமதி இரண்டே இரண்டு போட்டிதான் என்று இதை வைத்து வாதிடுவோர் உண்டு. கணக்கு சரி, முடிவு பிழை. ஜோர்டனோடு தொடர்ந்து மூன்று கிண்ணங்களை எடுத்த அதே அணி, அவர் இல்லாத 1994இல் இரண்டாம் சுற்றிலேயே நியூயோர்க்கிடம் தோற்று வீடு திரும்பியது. நல்ல துணைவர்கள் சேர்ந்தால் 55 போட்டி வெல்லலாம். கிண்ணம் வெல்ல இன்னொருவரும் வேண்டியிருந்தார்.

என் கட்சி இதுதான்: தனியாள் திறமை உண்டு, தனியாள் வெற்றி கிடையாது.

கேள்வி: உதைபந்தாட்டத்தில் இவ்வளவு சண்டை இல்லையே. கூடைப்பந்தாட்டத்தில் மட்டும் ஏன் நட்சத்திரத்தை இப்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள்?
(தாராபுரம் வாசகர்)

ஆள் கணக்குத்தான் காரணம். கூடைப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்பது 5 பேர். அடிக்கப் போவதும் அவர்களே, தடுக்க ஓடி வருவதும் அவர்களே. ஒரு பெரிய வீரர் விரும்பினால் ஒவ்வொரு முறையும் பந்தைத் தன் கைக்கு வாங்கலாம். உதைபந்தாட்டத்தில் 11 பேர். முன்கள வீரரின் காலுக்குப் பந்து வராமலே கால் மணி நேரம் ஓடிவிடும். தனியாளின் பங்கு மிகப் பெரிதாக இருக்கும் அணி விளையாட்டு கூடைப்பந்தாட்டம். அங்கேயே ஒருவர் தனியாக வெல்ல முடியவில்லை என்றால், மற்ற விளையாட்டுகளில் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: கிண்ணத்துக்காக அணி மாறி அணி மாறிப் போன லெப்ரோனை எப்படிப் பெரியவர் என்பது? நல்ல கூட்டாளிகளைத் தேடிப்போவது கோழைத்தனம் இல்லையா?
(பேசாலை வாசகர்)

இல்லை, அண்ணன். 2007இல் கிளீவ்லன்ட் அணியைக் கிட்டத்தட்டத் தனியாகத் தோளில் சுமந்து இறுதித் தொடருக்குக் கொண்டுபோனார். சான் அன்டோனியோ 4-0 என்று துடைத்தெறிந்தது. 2010இல் மியாமிக்குப் போய் வேட், பொஷ் ஆகியோருடன் சேர்ந்தார். 2012, 2013 இரண்டிலும் கிண்ணம். 2013 இறுதித் தொடரின் 6ஆவது போட்டியில் தோல்வி சில விநாடித் தூரத்தில் நின்றபோது, லெப்ரோன் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. திரும்பி வந்த பந்தைப் பொஷ் பாய்ந்து பிடித்து நீட்டினார். சக வீரர் ரே அலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டார். அந்த இருவரும் இல்லாவிட்டால் 2013 வேறு ஒருவருடைய கிண்ணம்.

பிறகு மீண்டும் கிளீவ்லன்ட். 2016 இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கி நின்று, 73 போட்டிகள் வென்றிருந்த கோல்டன் ஸ்டேட்டைக் கவிழ்த்தார்கள். கடைசிப் போட்டியில் பாய்ந்து வந்து பந்தைத் தடுத்தது லெப்ரோன். வெற்றியைத் தந்த மூன்று புள்ளி கைரி ஏர்விங்குடையது. 2018 இறுதித் தொடரின் முதல் போட்டியில் லெப்ரோன் 51 புள்ளிகள் எடுத்தும் தோற்றார். தனக்கு ஆள் தேவை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எல்லாப் பெரியவர்களுக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: ஒரே போட்டியில் 100 புள்ளிகள் எடுத்த சேம்பர்லினாவது தனியாள்தானே?
(எருக்கலம்பிட்டி வாசகர்)

அந்த 100தான் என் கட்சிக்கு முதல் சாட்சி. 1962 மார்ச் 2ஆம் திகதி, ஹேர்ஷி நகரில், சேம்பர்லினின் பிலடெல்பியா 169, நியூயோர்க் 147. கடைசி நேரத்தில் சேம்பர்லினிடம் பந்தைச் சேர்ப்பதே சக வீரர்களின் ஒரே வேலையாக இருந்தது. கை ரொஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 20 முறை பந்து கொடுத்துப் புள்ளி எடுக்க வைத்தார். 100ஐ உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 20ஐ நீங்கள் இன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் சேம்பர்லினின் சராசரி 50.4. கிண்ணமோ பொஸ்டனுக்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு சராசரியை 24.1க்கு இறக்கி, பந்தைப் பகிர்ந்து ஆடினார். 1967இல் கிண்ணம் கைக்கு வந்தது. அவருடைய எதிராளி பில் ரஸ்ஸல் வாழ்நாளில் எடுத்த சராசரி வெறும் 15.1. ஆனால் 13 பருவங்களில் 11 கிண்ணங்கள்.

கேள்வி: தர்ஜினி அக்கா மாதிரி உயரமாக இருந்தால் யாரும் கோல் போடலாம் என்று எங்கள் வகுப்புப் பையன்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
(வங்காலை மாணவி)

தங்கச்சி, அந்தப் பையன்களுக்கு முதலில் வலைப்பந்தாட்ட விதிகளைச் சொல்லுங்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. 3 விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. ஏழு பேரில் கோல் போட அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் தர்ஜினி ஆடிய இடத்தில் நிற்பவர் தன் முனையிலுள்ள மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியே வரவும் முடியாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரே எறியவும் முடியாது. நடுப்பகுதியில் யாராவது பந்தைத் தொட்டே ஆக வேண்டும்.

புன்னாலைக்கட்டுவன் ஏவினையில் பிறந்து, 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம், பந்தைத் தேடித் தானாகப் போக விதியே இடம் கொடுக்காத ஓரிடத்தில் நின்றவர். அவர் போட்ட கோல்களுக்குப் பின்னால் நடுக்களத்தில் ஓடி ஓடி வியர்த்த பல தோழிகள் இருக்கிறார்கள். அவருடைய உயரத்துக்குப் பந்து எறிவதே தனிக் கலை. கொஞ்சம் தாழ்ந்தால் எதிரணிக் கை பறித்துவிடும். கொஞ்சம் கூடினால் கோட்டுக்கு வெளியே. 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சதுரங்கி ஜயசூரியவின் தலைமையில் இலங்கை 69-50 என்று வென்றது. 9 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த கிண்ணம் அது. தமிழ்க் கையும் சிங்களக் கையும் ஒரு பந்தை இவ்வளவு அழகாகப் பரிமாறிக்கொண்டதை நான் பெருமையோடு சொல்வேன்.

உயரம் பிறப்பில் வந்தது. பக்கத்தில் ஆள் முட்டிக்கொண்டு நிற்க, மேலே வரும் பந்தைப் பிடித்து, 3 விநாடிக்குள் குறிதவறாமல் வளையத்துக்குள் போடுவது பயிற்சியில் வந்தது. வகுப்புப் பையன்கள் ஒருநாள் முயன்று பார்க்கட்டும்.

கேள்வி: 2019 உலகக் கிண்ணத்தில் தர்ஜினி அதிக கோல் போட்டார், இலங்கை அடியில் நின்றது. அப்படிப்பட்ட கோல்களால் என்ன பயன்?
(முருங்கன் வாசகர்)

உண்மை. லிவர்பூலில் 348 கோல்கள். அந்தத் தொடரில் வேறெவரும் அவ்வளவு போடவில்லை. 16 நாடுகளில் இலங்கைக்கு 15ஆம் இடம். வலைப்பந்தாட்டத்தில் ஒரு கோல் விழுந்ததும், நடுவிலிருந்து பந்தைத் தொடங்கும் முறை மாறி மாறி வரும். நீங்கள் ஒன்று போட்டால் அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் எதிரணிக்கு. அங்கே பந்தைப் பறிக்கத் தடுப்பாளர்களால் முடியாவிட்டால், கோல் எறிபவர் குறி தவறாமலே ஆடினாலும் வெல்வது கடினம்தான். அவுஸ்திரேலியா போன்ற அணிகளிடம் பந்தைப் பறிப்பது எளிதல்ல.

15ஆம் இடத்தை வைத்து தர்ஜினியை அளப்பது பிழை. 348ஐ வைத்து இலங்கை அணியை அளப்பதும் பிழை. வீரரை அவர் செய்ததை வைத்து அளக்கலாம், அணியை முடிவை வைத்து அளக்கலாம். அளவுகோலை மாற்றிப் பிடித்தால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

கேள்வி: முரளிதரனின் 800 விக்கெட்டிலும் பங்கு கேட்பீர்களா?
(அடம்பன் வாசகர்)

நான் கேட்க வேண்டியதில்லை. கிரிக்கெட் ஏடே எழுதி வைத்திருக்கிறது. பிடி எடுத்தவர் பெயரையும் பந்து வீசியவர் பெயரையும் ஒரே வரியில் அச்சிடும் நேர்மையான விளையாட்டு அது. டெஸ்ட் போட்டிகளில் முரளியின் பந்தில் மஹேல ஜயவர்தன எடுத்த பிடிகள் 77. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் விழுந்த 800ஆவது விக்கெட்டும் ஜயவர்தனவின் கையில்தான். முரளியின் மணிக்கட்டு வேறு எவருக்கும் வாய்க்காது. ஆனால் அந்தப் பிடி நழுவியிருந்தால் அன்றைக்கு எண்ணிக்கை 799தான்.

கேள்வி: நான் பின்களத்தில் ஆடுகிறேன். கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குகிறார்கள். எங்களை யார் பார்க்கிறார்கள்?
(மன்னார் நகர மாணவர்)

தம்பி, உங்கள் ஊரின் பெயரைத் தேசிய அணிக்குக் கொண்டுபோன டக்சன் பியூஸ்லஸ் யார்? பின்கள வீரர். மாலைதீவில் வலென்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் இறந்துபோனார். எத்தனை கோல் அடித்தார் என்று கேட்டு அவரை அளக்க முடியாது. விழாமல் தடுத்த கோல்களை எழுத எந்த ஏட்டிலும் கட்டம் இல்லை. ஆனால் உதைபந்தாட்டம் தெரிந்த எவரும் அணியைக் கட்டத் தொடங்குவது பின்னாலிருந்துதான். நிமிர்ந்து நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் அணித்தலைவர் எனக்குப் பந்தே தருவதில்லை. நான் ஏன் ஓட வேண்டும்?
(சிலாவத்துறை மாணவர்)

வரும்போது பிடிப்பதற்கு. 1997 இறுதித் தொடரின் 6ஆவது போட்டி 86-86 என்று சமனாக நின்றது. கடைசிப் பந்து ஜோர்டனுக்கு என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் கடைசி நேர இடைநிறுத்தத்தில் ஜோர்டன் சக வீரர் ஸ்டீவ் கேரை ஆயத்தமாக நிற்கச் சொல்லியிருந்தார். எதிரணியில் இருவர் ஜோர்டனை மொய்த்தார்கள், பந்து கேருக்குப் போனது, கேர் போட்டார், கிண்ணம் சிக்காகோவுக்கு. ஜோர்டனின் பெருமையில் அந்தப் பந்தைக் கொடுத்ததும் அடக்கம். உங்கள் தலைவருக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பயிற்சியாளரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?
(மடு வீதி வாசகர்)

முதல் கணக்கில். மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் பற்றிப் பேசினால் அருட்தந்தை யூஜின் ஹீபர்ட்டின் பெயர் வந்தே தீரும். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் தன் சாரதியோடு காணாமல் போனார். அவர் வளர்த்த ஆட்டம் அந்த ஊரில் நின்றுவிடவில்லை. ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஓர் ஊரின் ஆட்டத்தையே எழுப்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: என் மகன் போட்டிக்கு மூன்று கோல் அடிக்கிறான். ஆனால் பந்தை ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டான். பாராட்டவா, ஏசவா?
(தாழ்வுபாடு தொழிலாளி)

மூன்று கோலுக்கும் வாயாரப் பாராட்டுங்கள், ஐயா. பிறகு ஒரு விடியற்காலை கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கக் கயிற்றில் அவனை நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால்தான் மடி கரைக்கு வரும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒரு கயிறு மட்டும் போதாது. மீனில் பங்கும் இழுத்த எல்லோருக்கும். இதை நான் சொல்வதைவிட அவனுடைய உள்ளங்கை நன்றாகச் சொல்லும்.

கேள்வி: எங்கள் பாடசாலைப் போட்டியில் சிறந்த வீரர் விருதை யாருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு வருடமும் அதிக கோல் அடித்தவருக்கே போகிறது.
(நானாட்டான், விளையாட்டுத்துறை ஆசிரியை)

டீச்சர், அந்த விருதை நிறுத்த வேண்டாம். கோல் அடிப்பது கடினம். அதற்குப் பரிசு வேண்டும். ஆனால் ஏட்டில் ஒரு நிரல் கூட்டுங்கள். கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் கடைசிப் பந்தைக் கொடுத்தவர் பெயர். தடுத்தவர்களுக்கு இன்னொரு நிரல். ஒரு மாணவனை ஓரமாக உட்காரவைத்தால் இதை எழுதிவிடுவான்; செலவு ஒரு பேனை. பருவ முடிவில் அந்த மூன்று நிரல்களிலும் முதலாவதாக வந்தவர்களைச் சேர்த்து மேடையில் ஏற்றுங்கள். ஏட்டில் எழுதப்படுவதைத்தான் பிள்ளைகள் மதிப்பார்கள்; எழுதத் தொடங்கிய பருவத்திலேயே பந்தும் கைமாறத் தொடங்கும். உங்கள் முதல் ஏட்டின் பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அடித்தவர், கொடுத்தவர், தடுத்தவர் எல்லோரையும் இந்தப் பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் போடுகிறேன்.