இரண்டு பாஸ்

டேட்டன், ஒஹாயோ
மே 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எனக்கு இரண்டு பாஸ். ஒருவர் ஆபீஸில் இருக்கிறார். இன்னொன்று பழைய ஜல்லிக் குழித் தண்ணீருக்குள் இருக்கிறது. அந்த மீனுக்குப் பேரே பாஸ்தான். நான் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

நம்ம ஊரில் குவாரிக் குட்டைப் பக்கம் போனால் அம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள். இங்கே குடும்பத்தோடு போகிறார்கள். எந்தக் காலத்திலோ பனிப்பாறை உருகி ஓடியபோது மியாமி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கக் கூழாங்கல்லும் மணலும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. ரோடு போட அதைத் தோண்டினார்கள். ஊற்று வந்து குழி நிரம்பிவிட்டது. கண்ணாடித் தண்ணீர். மீன் நமக்குத் தெரியும். நாமும் மீனுக்குத் தெரிவோம், அதுதான் சங்கடம்.

முதல் நாள் மூச்சைப் பிடித்து நடுக்குளத்துக்கு வீசினேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த தாத்தா, "மீன் உன் காலடியில் கிடக்கிறது, அதைத் தாண்டி எங்கே வீசுகிறாய்?" என்றார். தோண்டிய குழி அல்லவா, நாலு எட்டிலேயே கரை செங்குத்தாக இறங்கிவிடும். மீன் அந்த விளிம்பை ஒட்டித்தான் ரோந்து வரும். நாமும் வரப்போரம் நடக்கிற மாதிரி, கரையை ஒட்டியே தூண்டிலை இழுக்க வேண்டும்.

இரையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிளாஸ்டிக் புழு! 1949-இல் இதே ஒஹாயோவில், அக்ரன் ஊரில், நிக் க்ரீம் என்பவர் வார்த்தெடுத்த யோசனை. இப்போது உப்பும் பூண்டு வாசனையும் ஏற்றி பாக்கெட்டில் விற்கிறார்கள். புளி மட்டும் கரைத்து ஊற்றினால் பாதிக் குழம்பு ஆயிற்று. வாய்க்கால் கரையில் மண்புழு தோண்டிச் சிரட்டையில் போட்டுக் கொடுத்த உங்களிடம் இதன் விலையைச் சொல்லமாட்டேன். லைசென்ஸுக்குக் கட்டிய பணத்தையும்தான்.

இது முட்டையிடும் பருவம். ஆண் மீன்தான் வாலால் தரையைப் பெருக்கிக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிப் போக, குஞ்சு பொரித்த பிறகும் ஆண்தான் காவல். இதை உங்கள் மருமகளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் துடைப்பம் என் கையில்.

நேற்று ஒன்று கடித்தது. முக்கால் கிலோ தேறும். கையில் ஏந்தி ஒரு போட்டோ எடுத்ததும் தாத்தா, "சரி, தண்ணீரில் விடு" என்றார். இங்கே பலரும் அப்படித்தான் விடுகிறார்கள். நான் விடுவேனா? "1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பத்துக் கிலோ பாஸ் பிடித்தாரே, உலக சாதனை! அவரே அதை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டாரே?" என்று கேட்டேன். "அது பஞ்ச காலம். நீ காரில் வந்திருக்கிறாய்" என்றார். விட்டுவிட்டேன்.

வீட்டில் மசாலா அரைத்து வைத்திருந்தாள். ராத்திரி முட்டைக் குழம்பு. பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது உங்களுக்கு இரண்டு பாக்கெட் பிளாஸ்டிக் புழு கொண்டுவருகிறேன். நம்ம குளத்து விரால் அதைச் சீந்துகிறதா என்று பார்க்கவேண்டும். சித்தியிடம் பூண்டு விஷயத்தைச் சொல்லிவையுங்கள், சமையல் பொருளென்று எடுத்து வைத்துவிடப் போகிறார்கள்.

அன்புள்ள மகன்