லென்ஸும் நெத்திலியும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மூன்று வகை மனிதர்களைப் பார்க்கலாம்: மீன் விற்க வந்தவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், இரண்டுக்கும் வராமல் இருவருக்கும் நடுவில் மண்டியிட்டிருப்பவர்கள். மூன்றாம் வகையினருக்கு முதுகில் பை, கழுத்தில் கேமரா, உடுப்பில் எண்ணற்ற பாக்கெட்டுகள். சென்னையின் அமெச்சூர் புகைப்படக் கழகம் ஏதோ ஒன்று 'போட்டோ வாக்' வந்திருக்கிறது என்று அர்த்தம்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இது பழகிப்போன கூத்து. வலை உதறும் அண்ணன், லென்ஸ் தன் பக்கம் திரும்பியதும் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கேற்ப நின்றுகொள்கிறார். கூடை வைத்திருக்கும் அம்மாக்கள் அவ்வளவு தாராளமில்லை. "சும்மா படம் புடிச்சினே நிக்காத, ஒரு கிலோ நெத்திலி வாங்கினு போ" என்று அதட்டல் வரும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சுத்த சைவ உறுப்பினர் ஒருவர், பயந்துபோய் நெத்திலிப் பையோடு வீடு போய்ச் சேர்ந்த கதை கழகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்த படம் ஷேக் ஆகியிருந்தது என்பது கதையின் பின்குறிப்பு.

இந்தப் பித்து நகரத்துக்குப் புதிதல்ல. 1850-ல் இங்கே ஓவியப் பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மதராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியும் பிறந்துவிட்டது. அன்றைய உறுப்பினர் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்தோடே கழுவியும் முடிக்க வேண்டும். சென்னை வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை, மொட்டைமாடியில் வடாம் பிழியும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னியஸ் டிரைப் மெழுகேற்றிய காகித நெகட்டிவை நம்பினார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு நீட்டிக் காட்டியவர் அவர். அந்தக் கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மிதமிஞ்சி மயங்கும். வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் அசரவில்லை. தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்துவிட்டார். இன்று ஒரே பொத்தானில் வானத்தை மாற்றும் இளைஞரிடம் "இது போட்டோவா, பெயின்டிங்கா?" என்று மூத்தவர்கள் சீறும்போது, அவர் டிரைப்பைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்.

சீற்றம் நடக்கும் இடம் மாதக் கூட்டம். திரையில் ஒரு படம் விழும். ஐந்து விநாடி மௌனம். பிறகு ஒரு மூத்தவர் தொண்டையைக் கனைத்து, "கொஞ்சம் க்ராப் பண்ணியிருக்கலாம்" என்பார். இடப்பக்கக் கம்பம் போகும். இன்னொருவர் வலப்பக்க ஆட்டோவை நீக்கச் சொல்வார். மேலே வானம் வெந்துவிட்டது என்பார் மூன்றாமவர். கீழே தரை காலி என்பார் நான்காமவர். தெருவில் தொடங்கிய படத்தில் கடைசியாக மிஞ்சுவது ஒரு பாட்டியின் மூக்குத்தி மட்டும். "மேக்ரோ பிரிவுக்கு அனுப்பலாமே" என்று செயலாளர் ஆறுதல் சொல்வார்.

அனுப்புவது என்றால் சலோனுக்கு. 1950-ல் தொடங்கிய 'ஃபியாப்' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆதரவு பெற்ற போட்டிகளில் படங்கள் தேர்வாகத் தேர்வாக, பெயருக்குப் பின்னால் ஏ-ஃபியாப், இ-ஃபியாப் என்று பட்டம் சேரும். கழகத்து டாக்டர் ஒருவரின் விசிட்டிங் கார்டில் எம்.டி.யை அடுத்து அதுவும் இருக்கிறது. ஏதோ ஐரோப்பியப் படிப்பு என்று நோயாளிகள் கூடுதல் மரியாதை தருகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

சலோன்களில் இயற்கைப் பிரிவுக்கு ஆசாரம் அதிகம். மனிதன் கட்டியது எதுவும் படத்தில் துருத்தக் கூடாது. துருத்தினால் கணினியில் அழிக்கவும் கூடாது. ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பள்ளிக்கரணையைப் பார்த்திருந்தால் இந்த விதியை எழுதியவர்கள் கொஞ்சம் இரங்கியிருப்பார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த சதுப்புநிலம். பூநாரைகள் அழகழகாக வந்து நிற்கும். ஆனால் ஒரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. பறவை எப்படித் திரும்பினாலும் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர் மின்னுகிறது. சேற்றோரம் குப்புறப் படுத்து, கட்டடத்தை வெட்டி, கம்பியை வெட்டி, கடைசியில் அலகும் கண்ணும் மட்டும் மிஞ்சிய படத்தைப் பார்த்து யாராவது "ஆப்பிரிக்காவா சார்?" என்று கேட்டால், எடுத்தவருக்கு ஜென்மம் சாபல்யம்.

அந்த அலகை எட்டிப் பிடிக்கும் 600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் சுமார் இரண்டு கிலோ. எடையைச் சொல்லலாம், விலையை வீட்டில் சொல்ல முடியாது. எல்லா லென்ஸும் வீட்டுக்குள் 'செகண்ட் ஹேண்ட்' ஆகத்தான் நுழைகிறது. நுழைந்த பின் அடுத்த கண்டம்: கடலோர ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். அதைத் தடுக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட, காற்றுப் புகாத டப்பா வேண்டும். சமையலறையில் மூடி இறுகிய டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, துவரம்பருப்பு பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டோடு வாழ்கிறது.

டப்பாவைப் பறிகொடுத்தவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேடமிட்டவரின் கண்ணிமை வரை எடுத்து வந்தவர், வீட்டுப் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது "லைட் சரியில்லை" என்று நகர்ந்துவிடுகிறார். பையன் மொபைலில் எடுத்ததுதான் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஆண்டுதோறும் உறுப்பினர் படிவத்தைப் புதுப்பிக்கும்போது இந்தக் குறை கழகத்தையே சுற்றி வளைக்கிறது. படிவத்தின் வலது மூலையில் ஒரு கட்டம்: 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஒருவரையொருவர் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பாதி முகம் நிழலில். இன்னொருவருக்கு ஒரு காது ஃபோகஸில், மற்றது இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. கடைசியில் இ-ஃபியாப் உட்பட அனைவரும் தெருமுனை ஸ்டூடியோவில் வரிசையில் நின்றார்கள். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார். சிரிக்காதீங்க." ஒரே க்ளிக், கால் மணி நேரத்தில் தலைக்கு எட்டுப் பிரதிகள், அத்தனையும் பளிச்.

இ-ஃபியாப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "தம்பி, என்ன லென்ஸ் இது?"

"தெரியல சார். கேமரா வாங்கறப்போ டப்பாவுலயே இருந்துச்சு."