தோற்றால் ஒரு சக்கரம்

ஒலிம்பிக் தூர டிரையத்லான் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். விதிமுறையில் இல்லாத நான்காம் பிரிவு ஒன்றும் உண்டு: முடிந்த பிறகு காரணம் சொல்வது. அதில் எல்லாருக்கும் முதலிடம்.

நீச்சலில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சைக்கிளில் போகும்போதும் எதிர்காற்று, திரும்பும்போதும் எதிர்காற்று. ஓட்டத்தில் எனர்ஜி ஜெல் வயிற்றைப் புரட்டியது. முதல் பத்து கிலோமீட்டரைப் பேய் பிடித்த மாதிரி மிதித்ததும், அந்த ஜெல்லைப் போட்டியன்றுதான் முதன்முதலாக வாயில் வைத்ததும் மட்டும் பட்டியலில் ஏறாது. மறுவாரமே பாடம் கற்றாயிற்று. கார்பன் சக்கரம் ஆர்டர் செய்தாயிற்று. மிதிக்கப்போவது என்னவோ அதே பழைய கால்தான்.

டிரையத்லான் வீரர் மார்க் ஆலன் கதை வேறு. ஹவாய் அயர்ன்மேன் என்ற நெடுந்தூரப் போட்டியில் டேவ் ஸ்காட்டிடம் திரும்பத் திரும்பத் தோற்றவர். இதயத்துடிப்புக்கு ஒரு வரம்பு கட்டி, அதைத் தாண்டாமல் மாதக்கணக்கில் மெதுவாக ஓடிப் பழகினார். துடிப்பு எகிறினால் வேகத்தைக் குறைப்பார். 1989-இல் ஸ்காட்டை ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். பிறகு மேலும் ஐந்து பட்டங்கள்.

மெதுவாக ஓடக் காசு வேண்டாம். நம்மவர்களுக்கு அதில்தான் சந்தேகம். போதாக்குறைக்கு, அந்த வேகம் ஸ்ட்ராவா செயலியில் ஏறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?